108 வரும் வரையில்

(பண்ணை வானொலிப் பேச்சு)



வழக்கமா இந்த நேரத்தில் நாற்றங்காலைப் பற்றியோ, மல்லாட்டைக்கு ஜிப்சம் போடறதைப் பற்றியோ கேட்டிருப்பீங்க. இன்னைக்குப் பயிரைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு, பயிர் வைக்கிறவங்களைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். கழனியிலோ, பட்டறையிலோ, அடுப்பங்கரையிலோ திடீரென்று ஓர் ஆபத்து வந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையில் பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்யணும்? அதைவிட முக்கியமாக, என்ன செய்யக்கூடாது? இதுதான் விஷயம்.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் இருக்கிறதே, அந்த ஊரையே எடுத்துக்குங்க. ஒரு பக்கம் ஏரியும் வயலும். இன்னொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும். தகப்பனார் விடியற்காலையில் மடை திருப்பப் போவார். பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு அதே நேரத்துக்கு வீடு திரும்புவான். பாம்பும் பூச்சிமருந்தும் தகப்பனார் பக்கம். மின்சாரமும் மிஷினும் அமிலமும் பிள்ளை பக்கம். ஆக, ரெண்டு வகை ஆபத்தும் ஒரே வீட்டு வாசலுக்கு வருது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும் இதே கதைதான்.

'அதுக்குத்தான் 108 இருக்கே, நாம எதுக்கு இதெல்லாம் கத்துக்கணும்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு எத்தனையோ உயிர் பிழைச்சிருக்கு. ஆனால் ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்க. இதயம் நின்னுபோனால், நாலஞ்சு நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிச்சுடும். எவ்வளவு வேகமாக வர்ற வண்டியும் வரப்பு மேல ஓடி நாலு நிமிஷத்தில் பம்புசெட்டுக் கொட்டகைக்கு வந்துவிட முடியாது. அந்த நாலு நிமிஷம் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான் இருக்கு.

இன்னொன்றும் சொல்லணும். நம்ம ஜனங்க உதவாமல் நிற்கிறவங்க இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பத்துப் பேர் ஓடி வருவாங்க. தப்பு எங்கே வருதுன்னா, ஓடி வந்த கை பழைய பழக்கத்தில் ஒன்றைச் செஞ்சுடுது. கட்டுப் போடுது, கீறுது, தண்ணீர் ஊத்துது, தூக்கித் தலைகீழாகப் பிடிக்குது. நல்ல மனசோடு செய்யறதுதான், ஆனால் அதுவே சில சமயம் ஆளைக் கொண்டுபோய்விடுது.

முதலில் பாம்புக்கடி. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பாங்க. நடுங்கறதில் தப்பில்லை. நடுங்கிக்கிட்டே என்ன செய்யறோம் என்பதில்தான் விஷயம். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை இருபது வருஷத்தில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்காங்க. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க, கழனி வேலைக்காரங்க. தமிழக அரசு 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே ஆக்கியிருக்கு. அதாவது, ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொரு கடியையும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்.

நம்ம பக்கத்தில் உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நாலு: நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் ஆஸ்பத்திரியில் போடறாங்க. இதைக் கவனமாக் கேட்டுக்குங்க. எந்தப் பாம்பு கடிச்சதுன்னு தெரிஞ்சால்தான் வைத்தியம் என்று நினைச்சுக்கிட்டு, பாம்பைத் தேடி அடிச்சு, பையில் போட்டுக் கொண்டுவரப் பாதி மணி நேரம் செலவழிக்கிறாங்களே, அது தேவையே இல்லை. அடிக்கப் போன ஆளும் சேர்ந்து கடிபட்டு வந்த கதையெல்லாம் உண்டு. பாம்பு போகட்டும். ஆளைக் கவனிங்க.

அந்த மருந்து எப்படி வருதுன்னு பலருக்குத் தெரியாது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978-லிருந்து இருக்கு. இருளர்கள் பாம்பைப் பிடிச்சு வந்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுடுவாங்க. அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகுது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயும் இருளர் குடியிருப்புகள் நிறைய. அவங்க இனத்து ஆட்கள் கைபட்டு வந்த மருந்துதான் அரசு ஆஸ்பத்திரியில் நமக்குக் காசில்லாமல் கிடைக்குது.

சரி, கடிச்சாச்சு. என்ன செய்யணும்? கடிபட்டவரை உட்கார வையுங்க, இல்லாட்டி படுக்க வையுங்க. 'ஒண்ணும் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போறோம்'னு தைரியம் சொல்லுங்க. கடிபட்ட பக்கத்து மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாத்தையும் உடனே கழட்டிடுங்க. வீங்கின பிறகு கழட்ட முடியாது. கை காலை அசைக்க விடக்கூடாது. ஒடிஞ்ச காலுக்கு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுவோமே, அந்த மாதிரி ஒரு கம்போ அட்டையோ வெச்சு, துண்டால் லேசாகக் கட்டுங்க. ஒரு விரல் உள்ளே நுழையற அளவுக்குத் தளர்வா இருக்கணும். நடக்க விடாதீங்க, சைக்கிள் மிதிக்க விடாதீங்க. கட்டிலோடு தூக்கிக்கிட்டு வந்தாலும் சரி. கடிச்ச நேரத்தை யாராவது ஒருத்தர் குறிச்சு வெச்சுக்குங்க.

செய்யக்கூடாதது எது? கடிவாய்க்கு மேல கயிறு போட்டு இறுக்கக்கூடாது. பிளேடால் கீறக்கூடாது. வாய் வெச்சு உறிஞ்சக்கூடாது. ஐஸ் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்னு, விஷத்துக்குத் தப்பின கால் கட்டுக்குப் பலியாகிடும். யாராவது முன்னாடியே இறுக்கிக் கட்டிட்டாங்கன்னா, அதை வழியில் சடக்கென்று அவிழ்க்காதீங்க. மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது ராத்திரியில் வரும். தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் எழுந்து 'வயிறு வலிக்குது'ம்பாங்க. அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது. அஜீரணம்னு ஓமத்தண்ணி கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தால் மூச்சே நின்னுடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சொருகினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும்.

மந்திரிக்கிறது, பச்சிலை கொடுக்கிறது பற்றிக் கேட்பீங்க. கடிக்கிற பாம்பில் பாதிக்கு மேல விஷமில்லாததுதான். விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிச்சுட்டுப் போயிடும். அப்படிப்பட்ட கடியெல்லாம் மந்திரிச்சாலும் பிழைக்கும், மந்திரிக்காவிட்டாலும் பிழைக்கும். அந்தப் பேர் மந்திரவாதிக்குப் போயிடுது. ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை செய்யறாங்க. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் ஆட்டாமல் வெச்சுப் பார்ப்பாங்க. ரத்தம் உறையாவிட்டால் விரியன் விஷம் உள்ளே இறங்கியிருக்குன்னு அர்த்தம். நம்பிக்கை உள்ளவங்க, ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிஞ்ச பிறகு மந்திரிச்சுக்குங்க. நான் குறுக்கே வரலை.

அடுத்தது பூச்சிமருந்து. குடிச்சால்தான் விஷம்னு நினைக்கக்கூடாது. காற்றுக்கு எதிராக நின்று தெளிச்சாலும், கசியற டேங்கை முதுகில் சுமந்தாலும் தோல் வழியாகவே உள்ளே போயிடும். வியர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் ஊறும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வாந்தி வரும், தசை துடிக்கும். தெளிச்சவர் இப்படி இருந்தால், முதலில் அவர் சட்டை வேட்டியைக் கழட்டணும். சோப்புப் போட்டு, தலைமுடி நகக்கண் உள்பட, நிறையத் தண்ணீரில் கழுவணும். கழுவுகிறவர் கையில் உறையோ, பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கணும். இல்லாட்டி அடுத்த நோயாளி அவர்தான்.

வாய் வழியாக உள்ளே போயிருந்தால், தயவுசெஞ்சு உப்புக்கரைசல், புளிக்கரைசல், மோர், முட்டை எதையும் கொடுக்காதீங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால், மருந்து கொல்லாத ஆளை வாந்தி கொன்னுடும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்க. அதில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் மருத்துவர் மாற்று மருந்து தீர்மானிப்பார். டப்பாவில் ஒரு நிறக்குறி இருக்கும். சிவப்பு என்றால் விஷம் மிகக் கடுமை. அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைஞ்சுக்கிட்டே வரும்.

வீட்டில் குழந்தை இருக்கிற தாய்மார்கள் இதைக் கேட்டுக்குங்க. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துப் பசையைத் தமிழக அரசு தடை செஞ்சிருக்கு. தடை வந்த பிறகும் பழைய சரக்கு எரவாணத்திலே செருகிக் கிடக்கலாம். அதைக் குழந்தை நக்கிட்டால், முதல் நாள் ஒண்ணுமே தெரியாது. ஓடியாடி விளையாடும். அப்பாடா, தப்பிச்சதுன்னு இருந்துடுவோம். ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கல்லீரல் கெட்டுப்போய்க் கண் மஞ்சளாகும். ஆகவே, துளி பட்டிருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்போ தொழிற்பேட்டைத் தோழர்களிடம் வர்றேன். 2024 ஆகஸ்டில் காக்களூர் பால் பண்ணையில் ஓர் இளம்பெண்ணின் துப்பட்டா மிஷினில் சிக்கி அவர் உயிர் போனது. அதே வருஷம் மே மாதக் கடைசியில் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் ஆலை தீப்பிடிச்சு, வேலை செஞ்சவங்க இறந்தாங்க. செய்தித்தாளில் படிச்சிருப்பீங்க. மிஷினில் ஆள் சிக்கினால் முதல் உதவி ஆளைப் பிடிச்சு இழுக்கறதில்லை, சுவிட்சை அணைக்கிறது. உங்க மிஷினுக்கு அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கு, பக்கத்து மிஷினுக்கு எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கை வைக்கத் தெரியணும். நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைப் பாருங்க.

விரல் வெட்டுப்பட்டால்? ரத்தம் வர்ற இடத்தில் சுத்தமான துணியை மடிச்சு வெச்சு, உள்ளங்கையால் அழுத்துங்க. கையை உயர்த்திப் பிடிங்க. எட்டிப் பார்க்க அடிக்கடி துணியை எடுக்கக்கூடாது. நனைஞ்சால் மேலேயே இன்னொரு துணி. அழுத்தியும் நிற்காமல், கை காலிலிருந்து ரத்தம் பீறிட்டு ஓடினால், அப்போது மட்டும் காயத்துக்கு மேல அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வெச்சுடணும். பாம்புக்கடிக்குக் கட்டக்கூடாதுன்னு சொன்னவன், இதுக்குக் கட்டச் சொல்றானேன்னு குழம்ப வேண்டாம். அங்கே கட்டினால் நஷ்டம்தான், லாபமில்லை. இங்கே ஓடற ரத்தத்தை நிறுத்தாவிட்டால் ஆஸ்பத்திரி போறதுக்குள்ளே ஆளே இருக்க மாட்டார்.

விரல் துண்டாகவே விழுந்துட்டால், அதைத் தேடி எடுங்க. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைச்சுப் பிழிஞ்சு அதில் சுத்துங்க. பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் வாயைக் கட்டுங்க. அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்க. விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. உறைஞ்சுபோன விரல் ஒட்டாது. பாலில் போடறது, டெட்டாலில் போடறது எதுவும் வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவைப் பிரிவு நாடறிஞ்சது. பட்டறைத் தொழிலாளிகளின் கைகளைச் சீராக்கிக் கொடுத்தே பேர் வாங்கின இடம் அது. ஆனால் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், விரலைப் பட்டறைக் குப்பையில் விட்டுட்டு வந்தால் எதை ஒட்டுவார்?

தீக்காயத்துக்கு ஒரே மருந்து தண்ணீர். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் பிடிக்கணும். இருபது நிமிஷம் என்பது நின்னு பார்த்தால் ரொம்ப நீளமான நேரம். அதனால்தான் பலர் ரெண்டு நிமிஷத்தில் எடுத்துடறாங்க. இங்க், நெய், மாவு, டூத்பேஸ்ட், வாழைச்சாறு எதையும் தடவாதீங்க. ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கூட்டிப்போங்க. உடம்பில் துணி பற்றிக்கிட்டால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று பட்டு இன்னும் எரியும். கீழே படுத்து உருளணும். அமிலம் பட்டாலும் தண்ணீர்தான், கணக்குப் பார்க்காமல் ஊத்தணும். கண்ணில் சுண்ணாம்போ ரசாயனமோ தெறிச்சால், இமையைப் பிரிச்சுப் பிடிச்சு, மூக்குப் பக்கமிருந்து காது பக்கமாக வழியற மாதிரி இருபது நிமிஷம் கழுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிடறேன். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ம் பிரிவு, 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று வகுத்தது. பிறகு வந்த சட்டத் தொகுப்பிலும், வேலை நேரம் முழுக்கக் கைக்கு எட்டும்படி முதலுதவிப் பெட்டி இருக்கணும் என்று இருக்கு. பெட்டி சுவரில் தொங்கினால் போதாது. ஆயுத பூஜைக்குத் துடைச்சுப் பொட்டு வைக்கறப்போதான் அதைத் திறக்கிறோம் என்றால், உள்ளே காலாவதியான மருந்தும் கரப்பான்பூச்சியும்தான் இருக்கும். சாவி மேனேஜர் வீட்டில் இருக்கிற பெட்டி பெட்டியே இல்லை.

மின்சாரத்துக்கு வருவோம். பம்புசெட்டில் ஒருத்தர் ஸ்டார்ட்டரோடு ஒட்டிக்கிட்டு நின்னால், தொடாதீங்க. மெயினை அணையுங்க, ஃபியூஸைப் பிடுங்குங்க. அது முடியாவிட்டால், காய்ஞ்ச பலகை மேலோ பிளாஸ்டிக் பொருள் மேலோ நின்னு, காய்ஞ்ச மூங்கிலால் தள்ளுங்க. உயர் அழுத்தக் கம்பி அறுந்து கழனியில் கிடந்தால் கம்பும் வேண்டாம், பலகையும் வேண்டாம். கிட்டேயே போகாமல், மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்க.

இதயம் நின்ன ஆளுக்கு என்ன செய்யறது என்பதை நிறுத்திச் சொல்றேன். தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லையா? மார்பு ஏறி இறங்குதான்னு பத்து விநாடிக்கு மேல போகாமல் பாருங்க. எப்போதாவது ஒருமுறை விக்கல் மாதிரி இழுக்கிறது மூச்சில் சேராது. மூச்சில்லை என்றால் ஒருத்தரை 108-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்க. கயிற்றுக் கட்டில் உதவாது. நெஞ்சின் நடுவில், ரெண்டு முலைக்காம்புக்கும் மத்தியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வெச்சு, அதன் மேல மறு கையை வையுங்க. முழங்கையை மடக்காமல், உங்க உடம்பு பாரம் இறங்கற மாதிரி அழுத்துங்க. வளர்ந்த ஆளுக்கு இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் இறங்கணும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு பழையபடி எழும்ப விடணும். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தரம். வாய்விட்டு எண்ணிக்கிட்டே செய்யுங்க. கத்துக்கிட்டவர் 30 அழுத்தத்துக்கு ரெண்டு தரம் வாயோடு வாய் வெச்சு ஊதலாம். கத்துக்காதவர் அழுத்திக்கிட்டே இருந்தால் போதும். ரெண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துடும். பக்கத்து ஆள் மாத்திக்கணும். விலா எலும்பு உடைஞ்சிடுமோன்னு பயம் வரும். உடைஞ்ச எலும்பு கூடிக்கும்.

ஏரியிலும் கிணற்றிலும் முழுகி எடுத்தவருக்கு மூச்சுத்தான் முதல் குறை. ஆகவே அவருக்கு ஊதறதிலிருந்தே ஆரம்பிக்கணும். காலைப் பிடிச்சுச் சுத்தறது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறது எல்லாம் நேரத்தை வீணாக்கற வேலை; வயிற்றில் இருக்கிறது நுரையீரலுக்கும் போயிடும். காப்பாத்தப் போறவருக்கும் ஒரு எச்சரிக்கை. நீச்சல் தெரியும்னு குதிக்காதீங்க. முழுகறவர் பிடி கயிற்றுப் பிடி. ரெண்டு பேரும் சேர்ந்து போவீங்க. கரையில் நின்னு புடவையை வீசுங்க, மூடியிட்ட காலி கேனை எறியுங்க, கம்பை நீட்டுங்க. சவுடு எடுத்த ஏரியில் எங்கே எவ்வளவு பள்ளம்னு ஊர்க்காரருக்கே தெரியாது.

பாழுங்கிணறும் கழிவுத்தொட்டியும் இன்னும் மோசம். உள்ளே போனவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போன தம்பியும் விழுந்தான், மூணாவது ஆளும் விழுந்தான்னு வருஷா வருஷம் கேள்விப்படறோம். ஒருத்தர் விழுந்தால் ரெண்டாவது ஆள் இறங்கவே கூடாது. தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்க. கழிவுத்தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்றதை 2013-ம் ஆண்டுச் சட்டமே தடுக்குது.

சின்னச் சின்ன விஷயங்கள் ரெண்டு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீங்க, வாயில் ஸ்பூனைச் செருகாதீங்க. பக்கத்தில் இருக்கிற கல், கட்டையை நகர்த்தி, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சால் போதும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனால் 108. தொண்டையில் மல்லாட்டையோ புளியங்கொட்டையோ சிக்கி மூச்சு முட்டற குழந்தைக்கு, குனிய வெச்சு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அஞ்சு தட்டு. கைக்குழந்தையானால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக இருக்கும்படி தட்டணும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டு நோண்டினால் இன்னும் உள்ளே போகும்.

இதையெல்லாம் வானொலியில் கேட்டுட்டா வந்துடுமா? வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை வானொலியில் கேட்டுப் பயிர் வெச்சாங்க. ரேடியோ நெல்லுன்னே அதுக்குப் பேர் வந்தது. ஆனால் ரேடியோவா நாத்து நட்டது? நட்டது கைதானே. அப்படித்தான் இதுவும். நெஞ்சை அழுத்தற பயிற்சியை உயிரோடு நல்லபடியா இருக்கிற ஆள் மேல செஞ்சு பார்க்கக்கூடாது. உமி இறுக்கி அடைச்ச தலையணை மேல பழகலாம். ஆனால் ஒருமுறையாவது பொம்மை வெச்சுச் சொல்லித் தர்றவரிடம் கத்துக்கணும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் வகுப்பு நடத்தறாங்க. திருவள்ளூரில் இப்போ அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மகளிர் குழு, உழவர் மன்றம், தொழிற்சங்கம் எதுவானாலும் இருபது முப்பது பேரைச் சேர்த்துக்கிட்டு எழுதிக் கேளுங்க. பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஒரு வேலை வெச்சால்தானே ஆகும்.

உதவினால் போலீஸ், கோர்ட்டுன்னு இழுப்பாங்களோ என்ற பயமும் ஒண்ணு இருக்கு. அந்தக் காலம் மாறிடுச்சு. 2016-ல் உச்ச நீதிமன்றம் விபத்தில் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு நெறிகளை உறுதி செஞ்சது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லணும்னு கட்டாயமில்லை. செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர வைத்தியத்தை அரசாங்கமே பார்த்துக்குது.

கடைசியாக, 108-க்குப் போன் பண்ணும்போது என்ன சொல்றது? 'சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க'ன்னு கத்திட்டு வெச்சுடாதீங்க. ஊர், தெரு, பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ கம்பெனி கேட்டோ என்ன அடையாளம், என்ன ஆபத்து, எத்தனை பேர், நினைவு இருக்கா இல்லையா, இதைச் சொல்லுங்க. அவங்க வைக்கிற வரைக்கும் நீங்க வைக்காதீங்க. வண்டி வர்ற வரையில் என்ன செய்யணும்னும் கேட்டுக்கலாம். கழனிக்கொட்டகை என்றால் வண்டி வரப்பில் வராது. ஒரு பையனைத் தார் ரோட்டு முனைக்கு அனுப்பி நிறுத்தி வையுங்க. ராத்திரியானால் அவன் கையில் டார்ச்சைக் கொடுத்து, வண்டி வெளிச்சம் தெரிஞ்சதும் ஆட்டச் சொல்லுங்க. நம்ம பம்புசெட்டுக்கு வழி சொல்ல என்ன அடையாளம் சொல்வோம் என்பதை இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை பேசி முடிவு பண்ணிடுங்க.